காக்ஸனுக்கு ஒரு ரீல்

சென்டர்பின் என்ற தூண்டில் ரீல் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் ஆற்றங்கரையில் சந்தித்தால் முதலில் நடப்பது ஒரு பந்தயம். விரலால் டிரம்மைச் சுண்டிவிட்டு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். பால் பேரிங் போட்ட இன்றைய ரீல்கள் சுண்டிவிட்டால் நிற்கவே மனமில்லாமல் சுற்றும். விற்பவர்களும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பந்தயத்தில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை போகக் காரணமானவர் ஹென்றி காக்ஸன், இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஊர்த் தூண்டில்காரர். 1890களில் அவர் யோசித்த, சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி ஆரம் (ஸ்போக்) வைத்த ரீல்தான் பின்னால் ‘ஏரியல்’ என்று புகழ்பெற்றது. அவர் யோசனையை வைத்து நானே ஒன்று செய்து பார்த்தேன். அந்த வேலையின் குறிப்புகள் இவை.

சென்டர்பின் பற்றித் தெரியாதவர்களுக்கு: பல்சக்கரம் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு எஃகு முள், அதன்மேல் தானாகச் சுற்றும் ஒரு டிரம், அதில் தூண்டில் நரம்பு. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் டிரம்மும் ஒரு சுற்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஓடும் டிரெண்ட் ஆற்றில் மீன் பிடிக்கும் முறைக்கு இது ஏற்றது. தக்கையைக் காலடியில் ஓட்டத்தில் விட்டுவிட வேண்டும். அது தண்ணீர் போகும் வேகத்திலேயே போக வேண்டும், போகும்போது தானே டிரம்மைச் சுற்றி நரம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். டிரம் கொஞ்சம் அடம்பிடித்தாலும் தக்கை பின்னுக்கு இழுபடும். அடியில் போகும் புழு மேலே தூக்கிக்கொள்ளும். ரோச் மீன் இதையெல்லாம் கவனிக்கும்.

ஆக, ஒரு தக்கையின் இழுப்பு சில கிராம்தான். அந்தச் சில கிராமுக்கு டிரம் உடனே அசைந்து கொடுக்க வேண்டும். குயவர் சக்கரம் கனமாக இருப்பது சுற்று நிற்காமல் ஓடுவதற்காக. தூண்டில் ரீலுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. கனமான டிரம் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் நீண்ட நேரம் சுற்றும், பந்தயத்தில் ஜெயிக்கும். ஆனால் அதைக் கிளப்புவது கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம். தக்கை ஒரு சுழலில் மாட்டித் தயங்கினால் கனமான டிரம் தயங்காது. சுற்றிக்கொண்டே போய் நரம்பைக் கொத்தாகக் கக்கிவிடும். அதிலும் எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். மையத்திலிருந்து இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் அதே எடை நான்கு மடங்கு அடம்பிடிக்கும். விளிம்பில் இருக்கும் ஒரு கிராம் செய்யும் கெடுதலை மையத்தில் பத்து கிராம் செய்யாது.

காக்ஸனுக்கு முன்னால் நாட்டிங்காமில் இருந்தவை மர ரீல்கள். அந்த ஊர் லேஸ் தறிகளில் இருந்த மர பாபின்களைப் போலவே இருக்கும். நன்றாகத்தான் சுற்றும், நனைந்து வீங்கும்வரை. பித்தளையில் செய்தால் வீங்காது, ஆனால் கனம். அந்த ஊரில்தான் 1880களில் ராலி தெருவில் ஒரு சின்னப் பட்டறையில் சைக்கிள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். நம்மூரில் தாத்தாக்கள் துடைத்துத் துடைத்து ஓட்டிய ராலி அதுதான். கம்பி ஆரம் வைத்த சக்கரம் தெருவெல்லாம் ஓடிய காலத்தில், ரீலின் டிரம்மையும் அப்படிச் செய்யலாம் என்று காக்ஸன் பார்த்தார். எபோனைட் விளிம்புகள், நடுவே வெற்றிடம், மையத்தைப் பிடிக்க மெல்லிய கம்பிகள். ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ரெட்டிச் ஊரில் ஆல்காக் நிறுவனம் அதைத் தயாரித்தது. பொருட்கள் மாறின, உடல் முழுக்க அலாய் ஆனது, ஆனால் ஏரியல் குடும்பம் 1960கள் வரை வந்துகொண்டிருந்தது. பழைய ஏரியல்கள் இப்போது ஏலத்தில் போகும் விலைக்கு என் பர்ஸ் ஒத்துவராது.

நான் அச்சு அசலாக நகல் எடுக்க முயலவில்லை. நகல் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே செய்கிறார்கள். அவர் யோசனையை எடுத்துக்கொண்டு, என் கொட்டகையில் இருக்கும் லேத்தில் என்ன முடியுமோ அதைச் செய்வது என்று வைத்துக்கொண்டேன். லேத் மைஃபோர்ட் எம்எல்7. நாட்டிங்காமை ஒட்டிய பீஸ்டனில் செய்தது, பழையது, என்னைவிட வயதில் மூத்தது. அதில் 7 அங்குலம் வரை சுற்ற முடியும். நான்கு அங்குல டிரம்முக்கு அது தாராளம்.

அளவுகள்: விளிம்பு வளையங்களின் வெளிவிட்டம் 100 மிமீ, உள்விட்டம் 66 மிமீ, தடிமன் 4 மிமீ. இரண்டுக்கும் இடையே 22 மிமீ. இரண்டையும் இணைக்க 3 மிமீ துருப்பிடிக்காத எஃகில் 12 தூண்கள். நரம்பு இந்தத் தூண்கள் மேல்தான் சுற்றும். கூண்டு மாதிரி திறந்திருப்பதற்கு அந்தக் காலத்தில் இன்னொரு பயனும் இருந்தது. அப்போது நரம்பு பட்டு நூல். ஈரத்தோடு விட்டால் மக்கிப்போகும். காற்று புக வழி இருந்தால் காயும்.

எபோனைட் என்றால் கந்தகம் நிறையச் சேர்த்து வேகவைத்து இறுக்கிய ரப்பர். நம்மவர்களுக்கு இது புதிதில்லை. திருவள்ளூரில் இன்றும் எபோனைட் பேனா கடைகிறார்கள். நல்ல மைப்பேனாக்கள் பலவற்றில் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்குக் கட்டையும் எபோனைட்தான். எனக்குத் தபாலில் வந்த தகடு லேசாக வளைந்திருந்தது. பேனாக்காரர்கள் நாக்குக் கட்டையைச் சுடுநீரில் போட்டு இளக்கி வளைப்பார்களே, அதே வைத்தியம்: கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டு, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றி, ஆறும்வரை தொடாமல் விட்டேன். நேராகிவிட்டது. இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் இந்த ரீலை வைக்கக்கூடாது. வெயிலே பட்டுக்கொண்டிருந்தால் கருமை போய்ப் பச்சையும் பழுப்புமாக வெளிறும் என்பது தனி.

கடைவதற்குச் சுகமான பொருள் இது. ஹைஸ்பீடு ஸ்டீல் டூலைச் சவர பிளேடு மாதிரி தீட்டிக்கொண்டு மெதுவாகப் போனால் கருப்பு நாடா சுருள் சுருளாக வரும். டூல் மழுங்கினால் சூடேறிவிடும். கொட்டகை முழுக்கத் தீபாவளி மறுநாள் வாசம்தான், கந்தகம். அந்தக் கந்தகம் பக்கத்தில் வைத்த பித்தளையையும் கறுக்க வைக்கும். அதனால் பித்தளை வேலையைத் தனி நாளில் வைத்துக்கொண்டேன்.

எபோனைட்டில் நேரடியாக ஆரத்தைப் பிடித்து இழுக்க முடியாது, பிளந்துவிடும். ஒவ்வொரு விளிம்புக்கும் உள்ளே ஒரு அலுமினிய வளையம் கடைந்தேன், குட்டி சைக்கிள் ரிம். 3 மிமீ தடிமன், 7 மிமீ அகலம், விளிம்போடு சேர்த்துத் திருக ஒரு உதடு. தூண்களுக்கு 12 துளை, ஆரங்களுக்கு 6 துளை சரிசமமாகப் போட வேண்டும். இதற்கென்று தனிக் கருவி என்னிடம் இல்லை. லேத் ஸ்பிண்டிலின் பின்பக்கத்தில் 60 பல் கியரைப் பொருத்தி, ஒரு பல்லில் மாட்டி நிற்கும்படி கொண்டி ஒன்று வைத்தேன். ஐந்து பல்லுக்கு ஒரு தூண், பத்துப் பல்லுக்கு ஒரு ஆரம். சின்னத் துளைக்கருவியை டூல் போஸ்டில் கட்டி, வேலையை லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமலே எல்லாத் துளையையும் போட்டுவிட்டேன். கழற்றி மாட்டினால் மையம் போகும். மையம் போன டிரம்மை எந்த ஆரமும் காப்பாற்றாது.

இனி ஆரம். இந்த வேலையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

சைக்கிள் பின்சக்கரத்தில் ஆரங்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போவது எதற்காக? மிதிக்கும் விசை நடு ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போக வேண்டும். ஆரம் நேராக நின்றால் அந்த முறுக்கைத் தாங்காது. ரீலில் அந்தக் கவலையே இல்லை. கைப்பிடி விளிம்பில் இருக்கிறது, நரம்பு விளிம்புப் பக்கத்தில் இழுக்கிறது. முறுக்கு விளிம்பிலிருந்து விளிம்புக்கே போய்விடுகிறது. ஹப்பின் வேலை நடுவில் இருப்பது மட்டும். எனவே ஆரம் நேராக, மிக மெல்லியதாக இருந்தால் போதும். காக்ஸன் மிச்சம் பிடித்த எடையெல்லாம் இங்கிருந்து வந்ததுதான் என்று கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது.

முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறு என்று 12 ஆரம் வைத்தேன். ஹப்பை வளையங்களின் இடைவெளியைவிட நீளமாக, 28 மிமீக்குக் கடைந்தேன். ஆரங்கள் இரு பக்கமும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், டிரம் பக்கவாட்டில் ஆடாது. கம்பிக்கு 2 மிமீ சைக்கிள் ஆரத்தையே வெட்டிக்கொண்டேன். அதன் மரை அங்குலத்துக்கு 56. மரையை வெட்டி எடுப்பதில்லை, உருட்டி அழுத்தி எழுப்புவார்கள், அதனால்தான் அவ்வளவு பலம். ஆரத்தைக் குட்டையாக வெட்டினால் மரை போய்விடும். திரும்ப உருட்ட அதற்கான இயந்திரம் வேண்டும். நல்ல சைக்கிள் கடையில் இருக்கும். எங்கள் பக்கத்துக் கடைக்காரர், 30 மிமீ ஆரம் எந்தச் சக்கரத்துக்கு என்று கேட்டார். சொன்னதும் காசு வாங்க மறுத்துவிட்டு, முடிந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

ஆரத்தை முறுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. 56 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 0.45 மிமீ. கால் சுற்றுக்கு 0.11 மிமீ. 300 மிமீ நீள சைக்கிள் ஆரத்தில் இது ஒன்றுமே இல்லை. இழுபடும் பகுதி 25 மிமீதான் உள்ள என் ஆரத்திலோ நீளத்தில் 0.4 சதவீதத்துக்கும் மேல். வளையம் துளியும் நெகிழாது என்று வைத்துக்கொண்டால் ஒரே கம்பியில் 250 கிலோ எடைக்கு மேல் இழுப்பு ஏறிவிடும். நிஜத்தில் அலுமினியமும் எபோனைட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் அவை விட்டுக்கொடுத்தால் டிரம் அறுகோணமாகிவிடும். ஆகவே விரலால் இறுக்கியபின் எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் எந்த நிப்பிளையும் (ஆரத்தை இறுக்கும் குட்டி நட்டு) திருப்புவதில்லை என்று முடிவு.

நம்மூர் சைக்கிள் கடையில் சக்கரத்துக்குப் பெண்ட் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிம் ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்து, எங்கே உரசுகிறதோ அங்கே எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அதே வேலைதான், சாக்பீஸுக்குப் பதில் டயல் கேஜ் என்ற அளவுகருவி. டிரம்மை அதன் முள்ளின்மேலேயே மாட்டி, கேஜை விளிம்பில் தொடவைத்துச் சுற்றினால் முதலில் கேஜின் முள் அரை மில்லிமீட்டர் ஆடியது. முன்பக்க ஆரத்தைத் துளி இறுக்கினால் அந்த இடம் முன்னால் வரும், பின்பக்கத்தை இறுக்கினால் பின்னால் போகும். மேடு பள்ளத்துக்கு இரண்டையும் சேர்த்து. இறுக்கிய அளவுக்கு எதிரில் இருப்பதைத் தளர்த்த மறக்கக்கூடாது. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் சலிப்பு தட்டாது. கடைசியில் ஆட்டம் 0.05 மிமீக்குள் வந்தது. கண்ணுக்குத் தெரியாது.

முள்ளுக்கு 5 மிமீ சில்வர் ஸ்டீல் என்ற எஃகு, ஹப்புக்குள் பாஸ்பர் வெண்கலத்தில் ஒரு சின்னக் குழாய் (புஷ்), ரீமர் போட்டுத் துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தது. பால் பேரிங் ஏன் போடவில்லை என்று கேட்கலாம். போட்டிருக்கலாம், கிளம்புவதற்கு வேண்டிய இழுப்பு இன்னும் குறைந்திருக்கும். ஆனால் காக்ஸன் ரீல் முள்ளில் ஓடுவது. ஆற்றங்கரையில் மணல் போனால் புஷ்ஷைத் துணியால் துடைத்தால் முடிந்தது, பேரிங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். முள்ளை மெல்லியதாக வைத்ததற்கும் காரணம் உண்டு. உராய்வு மையத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நடக்கிறதோ அவ்வளவு குறைவாகத் தடுக்கும். முள்ளின் நுனியில் 3 மிமீ எஃகுக் குண்டு ஒன்று, ஹப்பின் மூடி அதன்மேல்தான் அமரும். மூடியில் ஒரு சின்னத் திருகு. அதை வைத்து டிரம்முக்கும் பின்தட்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். எண்ணெய் தையல் மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. கிரீஸ் வேண்டவே வேண்டாம். இங்கே ஜனவரிக் குளிரில் அது பசையாகிவிடும்.

டிரம்மைக் கழற்ற ஒரு பித்தளைக் கொண்டி, முள்ளில் வெட்டிய பள்ளத்தில் விழும். இந்த யோசனை காக்ஸனுடையதில்லை. டிரெண்ட் கரையிலேயே இருக்கும் நியூவார்க் ஊர்க்காரர் டேவிட் ஸ்லேட்டர் 1880களில் மர ரீலுக்குக் கொண்டி வைத்தவர். ஆற்றங்கரையில் டிரம்மைக் கழற்ற ஸ்குரூடிரைவர் தேடாமல் இருப்பதற்கு அவருக்கும் ஒரு நன்றி.

பின்தட்டு மகாகனி. உடைந்த பழைய மேசையின் பலகை, பல வருடம் காய்ந்தது. மரம் நனைந்தால் வீங்கும் என்று மேலேயே சொன்னேன், பிறகு எதற்கு மரம்? பின்தட்டு சுற்றுவதில்லை, அதன் எடை கணக்கில் வராது. வளையாமல் இருக்கப் பழைய ரீல்களில் பின்னால் நட்சத்திரம் மாதிரி பித்தளைக் கைகளைப் பதித்திருப்பார்கள். மூன்று கை வைத்து அப்படி ஒன்றை அறுத்து, அரம் போட்டு, மரத்தில் அதே வடிவத்துக்குப் பள்ளம் எடுத்துப் பதித்தேன். கழியில் அமரும் பாதமும் அதே பித்தளையோடு சேர்ந்தது. முள் பித்தளையில்தான் திருகி நிற்கிறது, மரத்தை நம்பவில்லை. மேலே படகு வார்னிஷ், மெல்லிசாகப் பல பூச்சு.

கைப்பிடி இரண்டு, எதிரெதிரே, எபோனைட்டிலேயே. அவை உட்காருவது விளிம்பில், எடைக்கு மிக மோசமான இடம். உள்ளே குடைந்து ஒவ்வொன்றையும் 5 கிராமுக்குக் கொண்டுவந்தேன். பிறகு எடையைச் சமன் செய்வது: முள்ளைக் கிடையாகப் பிடித்து டிரம்மை விட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்து விளிம்பில் உட்புறமாகச் சின்னக் குழி. எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும்.

டிரம்மின் எடை 125 கிராம் வந்தது.

இப்போது பந்தயம். நண்பர் ஒருவரிடம் முழு அலுமினியத்தில் குடைந்த, பால் பேரிங் ரீல் ஒன்று இருக்கிறது. அழகான வேலைப்பாடு, டிரம் மட்டும் 230 கிராம். சுண்டிவிட்டால் ஒரு நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது. என்னுடையது அரை நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. நரம்பு நுனியில் எடை கட்டிப் பார்த்தால், நண்பருடையது அரை கிராமுக்கும் குறைவாகவே அசைகிறது, என்னுடையதற்கு ஒரு கிராம் வேண்டும். இதுவரை எல்லாம் அவர் பக்கம்தான். அப்புறம் இரண்டிலும் 5 கிராம் கட்டி ஒரு மீட்டர் கீழே விழவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்து நேரம் பார்த்தோம். என்னுடையது இரண்டு வினாடிக்குச் சற்று மேல். அவருடையது கிட்டத்தட்ட மூன்று. பேரிங் உராய்வைத்தான் குறைக்கும், விளிம்பில் இருக்கும் அலுமினியத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தக்கை முதல் ஒரு மீட்டரில் என்ன செய்கிறது என்பதுதான் டிரெண்டில் மீன் பிடிப்பவனுக்கு முக்கியம். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது மீட்டரையும் அளக்க வேண்டும் என்கிறார்.

ரீல் முடிந்தபோது ஆறுகளுக்கு மூடுகாலம். இங்கிலாந்தில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றில் ரோச் போன்ற மீன்களைப் பிடிக்கக் கூடாது, முட்டையிடும் காலம். ஜூன் 16 திறப்பு நாள், அன்று காலை நாட்டிங்காமில் டிரெண்ட் கரையான விக்டோரியா எம்பாங்க்மென்ட் படிகளில் இடம் பிடிக்கப் பெரிய போட்டி. நான் கூட்டம் குறைந்தபிறகு போனேன். 4 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு, அளவாகத்தான் சுற்றியிருந்தேன். அதிகம் சுற்றினால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து சிக்கும், நரம்பும் விளிம்பில் எடைதான்.

மெதுவான ஓட்டத்தில், படியை ஒட்டி, தக்கையை விட்டதும் டிரம் கிளம்பிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. தக்கை தலை சாயாமல் போனது. நடு ஆற்றில் ஓட்டம் வேகமான இடத்தில் விரலை விளிம்பில் லேசாக வைத்தாலே போதும், நிற்கிறது. காற்று எதிரே அடித்தபோது மட்டும் திண்டாட்டம். காற்று நரம்பைப் பின்னுக்குத் தள்ளும்போது கனமான டிரம் தன் வேகத்தில் ஓடிச் சமாளிக்கும், இது ஓடாது. அன்று காற்றுக்கு நண்பரின் ரீல்தான் சரி. மாட்டிய மீன்கள்: டேஸ் சில, ரோச் சில, கையளவு சப் ஒன்று. தூக்கி வீசும்போது, நாட்டிங்காம்காரரான வாலிஸ் பேரில் வழங்கும் வீச்சு முறையை முயன்றேன். கழியை வீசும் அதே நேரத்தில் மறுகையால் நரம்பை இழுத்து டிரம்மைக் கிளப்ப வேண்டும். டிரம் லேசாக இருப்பதால் கிளம்புவது எளிது, கை பழக வேண்டும்.

சில வாரம் பயன்படுத்தியபின் மறுபடி கேஜ் வைத்துப் பார்த்தேன். ஆட்டம் 0.08 மிமீ ஆகியிருந்தது. எபோனைட் அழுத்தத்தில் மெல்ல நெகிழும், எதிர்பார்த்ததுதான். பின்பக்கத்தில் இரண்டு நிப்பிளைத் துளி இறுக்கியதும் பழைய அளவுக்கு வந்தது. டிரம் தானே சுற்றாமல் தடுக்கும் கிளிக்கர் இன்னும் வைக்கவில்லை. கழியைச் சாய்த்து வைத்துவிட்டு டீ ஊற்றப் போனால் நரம்பு தானே கழன்று ஆற்றோடு போகிறது. பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றிலிருந்து பல்சக்கரம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை ஹப்பின் பின்பக்கத்தில், மையத்தை ஒட்டி வைத்தால் எடை ஏறினாலும் தெரியாது. சைக்கிள் கடைக்காரரிடம் காட்டியாயிற்று. ஆரத்தைச் சுண்டிப் பார்த்துவிட்டு, பித்தளை நிப்பிளுக்குப் பதில் அலுமினிய நிப்பிள் போட்டால் விளிம்பில் இன்னும் எட்டு கிராம் குறையும் என்றார். அவர் சொல்வது சரிதான்.